பிடித்த ராக் குழுவை எங்கோ தள்ளியிருக்கும் நம் ஊருக்கு வரவழைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சுற்றுப்பயணத் தேதிகள் வெளியாகும் நாளில் எல்லா ரசிகரும் முதலில் செய்வது, நம் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துத் தேடுவதுதான். தள்ளியிருக்கும் ஊர்க்காரர்களுக்குக் கிடைப்பது, பத்து மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஏதோ ஒரு பெருநகரத்தின் பெயர். லீவு, பயணச்செலவு, தங்குமிடம் என்று கூட்டிப் பார்த்துவிட்டு, பாதிப் பேர் “அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த அடுத்த முறையை ரசிகர்களே ஏற்பாடு செய்ய முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழு நம் ஊருக்கு வராததற்குக் காரணம் பெரும்பாலும் மனமின்மை இல்லை. நம் ஊர் அவர்கள் போகும் வழியில் இல்லை, அவ்வளவுதான். அதனால் இனி நீங்கள் செய்யப்போகும் வேலை எல்லாம் ஒன்றுக்காகத்தான்: ஊரின் ஆசையை அவர்களுடைய பாதையில் பொருந்துகிற ஒரு தேதியாகவும், நம்பத்தக்க ஒரு தொகையாகவும் மாற்றிக் கொடுப்பது.

படி 1: அவர்கள் போகும் வழியைப் படியுங்கள்

சுற்றுப்பயணத்தில் இருக்கும் குழுவுக்கு வாசித்தாலும் செலவு, வாசிக்காவிட்டாலும் செலவு. பஸ் வாடகை, லாரி வாடகை, ஒலி ஒளிக் கலைஞர்களின் சம்பளம், ஹோட்டல் எல்லாம் நாள் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். நிகழ்ச்சி இல்லாத ஒரு நாள் என்றால் வரவே இல்லாத செலவு. எனவே பயணத்தைத் திட்டமிடும் புக்கிங் ஏஜென்ட், முதலில் வெள்ளி, சனிக்கிழமைகளைப் பெரிய ஊர்களுக்கு ஒதுக்கிவிடுவார். அப்புறம் அந்தப் பெரிய ஊர்களுக்கு நடுவில் திங்கள் முதல் வியாழன் வரை காலியாகக் கிடக்கும் நாள்களை நிரப்பப் பார்ப்பார். அந்தக் காலி நாள்தான் நமக்கான வாசல்.

ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் கடைசி மூன்று சுற்றுப்பயணங்களின் ஊர்களையும் தேதிகளையும் வரிசையாக எழுதுங்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளி எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று வட்டமிடுங்கள். பிறகு வரைபடத்தில் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே கோடு போடுங்கள். நம் ஊர் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது? அரங்கில் நள்ளிரவுக்குப் பொருள்களை ஏற்றிவிட்டுக் கிளம்பும் லாரி, மறுநாள் பகலுக்குள் வந்து சேர முடியுமா? இதில் சட்டமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு லாரி ஓட்டுநர் நாளொன்றுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். உங்கள் பகுதியின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் தீவில் இருந்தாலோ, மலைக்கு அப்பால் இருந்தாலோ லாரிக் கணக்கு உதவாது. அப்போது கிட்டார்கள், பெடல்கள், ஸ்நேர் டிரம், சிம்பல்கள் மட்டும் அவர்களோடு விமானத்தில் வரும். மற்றதெல்லாம் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஐயர்ன் மெய்டன் குழு 2008இல் ஒரு போயிங் 757 விமானத்தையே எடுத்துக்கொண்டு, ஆள்களையும் கருவிகளையும் அதிலேயே ஏற்றி ஊர் ஊராகப் போனது. விமானத்தை ஓட்டியவர் அந்தக் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன்தான். எல்லாக் குழுவாலும் அது முடியாது. ஆனால் கருவிகள் வந்து சேர வழி இருந்தால் தூரம் ஒரு தடையில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு முன்னால் தொடங்குவது? நடுத்தரக் குழுவுக்கே ஆறு மாதம் வேண்டும். பெரிய குழு என்றால் ஒரு வருடம் முன்பே பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

படி 2: ரசிகர்களை எண்ணிக்கையாக்குங்கள்

“எங்கள் ஊரில் உங்களுக்கு ஏகப்பட்ட ரசிகர்கள்” என்ற வரியை ஏஜென்ட்கள் தினமும் படிக்கிறார்கள். அதற்கு மதிப்பில்லை. எத்தனை பேர், எவ்வளவு கொடுக்கத் தயார், எந்த நாளில் வருவார்கள் என்பதற்குத்தான் மதிப்பு.

ரசிகர்கள் இதைப் பல விதமாகச் செய்திருக்கிறார்கள். இத்தாலியில் செசேனா என்ற ஊர். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் இடம். ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவை அங்கே வரவழைக்க வேண்டும் என்பது ஃபாபியோ ஸாஃபாஞினி என்ற ரசிகரின் ஆசை. 2015 ஜூலையில் ஆயிரம் இசைக்கலைஞர்களை ஒரு திறந்தவெளியில் கூட்டி, அந்தக் குழுவின் பாட்டு ஒன்றை ஒரே நேரத்தில் வாசிக்க வைத்தார்கள். அந்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. குழுவின் தலைவர் டேவ் க்ரோல் இத்தாலிய மொழியிலேயே பதில் சொன்னார். நவம்பர் 3ஆம் தேதி செசேனாவில் வந்து வாசித்தும் விட்டார்கள். வீடியோ அழகுதான். ஆனால் அதே நவம்பரில் அந்தக் குழு ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்தது என்பதையும் பாருங்கள். ஆசையும் பாதையும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் கதவு திறந்தது.

அதே குழுவை அமெரிக்காவின் ரிச்மண்ட் நகர ரசிகர்கள் வேறு வழியில் அழைத்தார்கள். குழு வருமா என்றே தெரியாத நிலையில், தலா 50 டாலர் விலையில் சுமார் 1,400 டிக்கெட்டுகளை முன்கூட்டியே விற்றுப் பணத்தைத் திரட்டிக் காட்டினார்கள். 2014 செப்டம்பரில் நிகழ்ச்சி நடந்தது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 2010இல் சில நண்பர்கள் இதையே ஒரு முறையாக்கினார்கள். நிகழ்ச்சிச் செலவைப் பல பங்குகளாகப் பிரித்து ரசிகர்களுக்கு விற்பது, டிக்கெட் போதுமான அளவு விற்றதும் பங்கு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. முதலில் துணிந்தவர்களுக்கு நிகழ்ச்சி இலவசமாகவே அமைந்துவிடும்.

நீங்கள் எந்த வழியை எடுத்தாலும், திரட்டும் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். குழு வராவிட்டால் எந்தத் தேதிக்குள் முழுப் பணமும் திரும்பும் என்பதை முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஊரில் ஒரு முறை நம்பிக்கை போனால், அடுத்த பத்து வருடம் அங்கே யாரும் டிக்கெட்டை முன்கூட்டி வாங்க மாட்டார்கள்.

வெறும் கையெழுத்து வேட்டையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐயாயிரம் கையெழுத்தைவிட, பணம் கட்டிய ஐந்நூறு பேர் பெரிய எண்.

படி 3: சரியான ஆளிடம் கேளுங்கள்

பாடகருக்கு எழுதினால் அது அன்புக் கடிதம். ஏஜென்டுக்கு எழுதினால்தான் அது அழைப்பு. நிகழ்ச்சித் தேதிகளையும் தொகையையும் பேசுபவர் புக்கிங் ஏஜென்ட். குழுவின் மொத்த வாழ்க்கையையும் பார்த்துக்கொள்பவர் மேனேஜர். ஒரு கண்டத்துக்கு ஒரு ஏஜென்ட், இன்னொன்றுக்கு வேறொருவர் என்று இருப்பதும் சகஜம். குழுவின் இணையதளத்தில் ‘தொடர்பு’ பகுதியில் பகுதிவாரியாகப் பெயர்கள் இருக்கும். அங்கே இல்லாத யாரோ ஒருவர் “நான் வாங்கித் தருகிறேன்” என்று அட்வான்ஸ் கேட்டால், ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் முதல் முறை நடத்துபவர் என்றால், ஏற்கெனவே நிகழ்ச்சிகள் நடத்திப் பழகிய ஒரு புரமோட்டரோடு கூட்டுச் சேர்வது நல்லது. லாபத்தில் பங்கு போகும்தான். ஆனால் ஏஜென்ட் முதலில் கேட்கப்போகும் “இதற்கு முன் யாரை அழைத்து நடத்தியிருக்கிறீர்கள்?” என்ற கேள்விக்கு அவர் பெயர் பதிலாக இருக்கும். அப்படி யாரும் இல்லையா? அகலக்கால் வைக்காமல், முதலில் இரண்டு சிறிய குழுக்களை அழைத்து நன்றாக நடத்திக் காட்டுங்கள்.

படி 4: இடத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள்

அரங்கை நேரில் பார்க்காமல் தேதி கேட்காதீர்கள். இருக்கைகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் ஒரு முறை அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். அரங்கம் அழகு, மேடை விசாலம், எல்லாம் சரி. நிகழ்ச்சியன்று பார்த்தால் சரக்கு லிப்ட் வேலை செய்யவில்லை. “காலையில் சரியாகிவிடும்” என்று சொன்ன நிர்வாகத்தினர் மத்தியானம் வரை வரவில்லை. ஸ்பீக்கர் பெட்டிகளைப் பத்துப் பேர் சேர்ந்து படிக்கட்டில் ஒவ்வொன்றாகத் தூக்கினோம். ஒரு பெட்டியை ஏற்றி முடிப்பதற்குள் கையில் பிடி தளர்ந்து, நடுப்படியில் முழங்காலால் முட்டுக்கொடுத்து நின்றது இன்னும் நினைவிருக்கிறது. ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்குக்கு மிஞ்சியது இருபது நிமிடம்.

அதனால் டேப்பை எடுத்துப் போங்கள். மேடையின் அகலம், ஆழம், தரையிலிருந்து கூரை வரை உயரம். சரக்குக் கதவின் அகலம், உயரம். லாரி நிற்கும் இடத்திலிருந்து மேடை வரை எத்தனை படி, எத்தனை திருப்பம். மேடை எவ்வளவு எடை தாங்கும், கூரையில் விளக்குகளைத் தொங்கவிடலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் படமாக வரைந்து வைத்தால், அதுவே பின்னால் ஏஜென்டுக்கு அனுப்பும் ஆவணமாகிவிடும்.

இடம் சிறியது என்று தயங்கவும் வேண்டாம். மெட்டாலிகா குழு 2013 டிசம்பரில் அண்டார்க்டிகாவில் அர்ஜென்டினாவின் ஆய்வு நிலையம் ஒன்றில் வாசித்தது. கேட்டவர்கள் ஏறக்குறைய 120 பேர். சுற்றுச்சூழலுக்குத் தொந்தரவு கூடாது என்று ஸ்பீக்கரே இல்லாமல், எல்லோருக்கும் ஹெட்போனில் இசை போனது.

பிடித்த இடத்தில் தேதியை ‘ஹோல்ட்’ செய்யுங்கள். அதாவது இன்னும் உறுதி செய்யாமல், நமக்காக நிறுத்தி வைக்கச் சொல்வது. ஒரே தேதி வேண்டாம். அடுத்தடுத்த மூன்று நாள்களை வைத்துக்கொண்டால் ஏஜென்டிடம் வளைந்து கொடுக்க வசதி. நமக்கு முன்னால் வேறு யாராவது அதே தேதியை நிறுத்தி வைத்திருக்கிறார்களா, நாம் எத்தனையாவது இடம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: கணக்கு

இங்கேதான் கை கடிக்கும். குழுவின் தொகை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். அரங்க வாடகை, ஒலி, ஒளி, வாடகைக் கருவிகள், ஜெனரேட்டர், பயணம், தங்குமிடம், சாப்பாடு, விசா, வரி, இசை உரிமக் கட்டணம், காப்பீடு, பாதுகாவலர்கள், மருத்துவக் குழு, விளம்பரம், டிக்கெட் விற்பவரின் கமிஷன் என்று வரிசை நீளும். எல்லாவற்றையும் கூட்டியபின் அதற்கு மேல் பத்து விழுக்காடு எதிர்பாராத செலவுக்கு என்று சேருங்கள். அப்புறம் ஒரு கேள்வி: அரங்கின் மொத்த டிக்கெட்டில் எத்தனை விழுக்காடு விற்றால் போட்ட பணம் திரும்பும்? அறுபது, அறுபத்தைந்து என்று வந்தால் தைரியமாக இறங்கலாம். தொண்ணூறு என்று வந்தால் இடத்தையோ தொகையையோ மாற்றுங்கள். விலையை ஏற்றிச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அரங்கம் பாதி காலியாக இருந்தால் குழு மறுபடி அந்தப் பக்கம் திரும்பாது.

ஸ்பான்சர் தருவதாகச் சொன்ன தொகையை, வங்கியில் வந்து விழும் வரை வரவில் எழுதாதீர்கள்.

படி 6: அழைப்புக் கடிதம்

ஏஜென்டுக்குப் போகும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ரசிகராக மனம் நிறைய இருக்கும்; அதற்கு ஒரு வரி போதும். மீதியெல்லாம் தகவல். ஏறக்குறைய இப்படி:

“வணக்கம். எங்கள் நகரில் மே 12, 13, 14 ஆகிய மூன்று நாள்களில் ஒன்றில் குழுவின் நிகழ்ச்சியை நடத்த விரும்புகிறோம். அதே வாரம் குழு வாசிக்கும் ஊரிலிருந்து எங்கள் நகருக்குச் சாலை வழி 6 மணி நேரம். அரங்கில் 1,200 பேர் நிற்கலாம். மேடை அளவும் படமும் இணைப்பில். இதுவரை 540 பேர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள். உறுதித் தொகை இவ்வளவு, வரி போக. தங்குமிடம், உள்ளூர்ப் போக்குவரத்து, பேக்லைன் (டிரம் செட், ஆம்ப்கள்) எங்கள் பொறுப்பு. இந்த அழைப்பு இன்றிலிருந்து 14 நாள் வரை செல்லும்.”

‘வரி போக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளிநாட்டுக் கலைஞரின் சம்பளத்தில் நிகழ்ச்சி நடக்கும் நாடு வரி பிடிக்கலாம். பல வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் மாதிரி வரி உடன்படிக்கையில் 17ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அந்த வரி அவர்கள் தலையிலா, நம் தலையிலா என்பதை முதல் கடிதத்திலேயே தெளிவாக்காவிட்டால், நிகழ்ச்சி முடிந்த இரவு மனக்கசப்பு உறுதி.

தொகையில் இரண்டு வகை வழக்கம். ஒன்று, எத்தனை டிக்கெட் விற்றாலும் மாறாத உறுதித் தொகை. மற்றது, உறுதித் தொகை அல்லது செலவு போக மிஞ்சுவதில் ஒரு பங்கு, இரண்டில் எது அதிகமோ அது. முதல் முறை நடத்துபவருக்கு மாறாத தொகைதான் நிம்மதி.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள். ‘முடியாது’ என்று வந்தால், “அடுத்து எங்கள் பக்கம் எப்போது வருவதாக இருக்கிறது?” என்று மட்டும் கேட்டு வையுங்கள். பக்கத்து ஊரில் நடக்கும் பெரிய விழாவில் ஒப்பந்தமாகியிருந்தால், குறிப்பிட்ட தொலைவுக்குள், குறிப்பிட்ட காலத்துக்குள் வேறெங்கும் வாசிக்கக் கூடாது என்ற நிபந்தனை அவர்களைக் கட்டிப்போட்டிருக்கலாம். அது நம் மேல் கோபமில்லை.

படி 7: ஒப்பந்தமும் ரைடரும்

சம்மதம் வந்ததும் ஒப்பந்தம் வரும்; கூடவே ரைடர் வரும். மேடைக்கு என்னென்ன வேண்டும், அறையில் என்னென்ன வேண்டும் என்ற நீண்ட பட்டியல் அது. பொதுவாக பாதித் தொகையை முன்பணமாகவும், மீதியை நிகழ்ச்சிக்கு முன்போ அன்று இரவோ கேட்பார்கள். குழு ரத்து செய்தால் என்ன, நாம் ரத்து செய்தால் என்ன, புயலோ வெள்ளமோ வந்தால் என்ன என்ற மூன்று பிரிவுகளையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ரைடரை வரி வரியாகப் படியுங்கள். வான் ஹேலன் குழுவின் 1982ஆம் வருட ரைடரில், எம் அண்ட் எம்ஸ் மிட்டாய்களில் பழுப்பு நிறம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. நட்சத்திரத் திமிர் என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் அது ஒரு சோதனை என்று பாடகர் டேவிட் லீ ராத் பின்னால் விளக்கினார். கிண்ணத்தில் பழுப்பு மிட்டாய் கிடந்தால் ஒப்பந்தத்தை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். அப்படியானால் மேடையின் எடை, மின் இணைப்பு எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். நம்மால் முடியாததை “முடியாது, அதற்குப் பதில் இது இருக்கிறது” என்று முன்கூட்டியே எழுதுங்கள். அதை எந்தக் குழுவும் தவறாக நினைப்பதில்லை.

படி 8: எல்லை தாண்டும் தாள்கள்

குழு வெளிநாட்டிலிருந்து வந்தால், சுற்றுலா விசாவில் வந்து வாசிக்க முடியாத நாடுகள் பல. ஆள்களின் பட்டியலையும் கடவுச்சீட்டு நகல்களையும் குறைந்தது மூன்று மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். லாரி ஓட்டுநரையும் மறக்காதீர்கள். கருவிகளுக்கு ஏடிஏ கார்னே என்ற ஆவணம் உண்டு. 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் வந்த அது இருந்தால், உறுப்பு நாடுகளுக்குள் சுங்க வரி கட்டாமல் கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டுவந்து திரும்ப எடுத்துப் போகலாம். ஒரு வருடம் வரை செல்லும். கருவிகள் ஒவ்வொன்றும் அதில் பட்டியலாக இருக்க வேண்டும். நம் நாடு உறுப்பினர் இல்லையென்றால் ஒரு நல்ல சுங்க முகவரைப் பிடியுங்கள்.

படி 9: மின்சாரம், ஒலி, பேக்லைன்

டிரம் செட், பாஸ் ஆம்ப், கிட்டார் ஆம்ப் ஆகியவற்றைச் சேர்த்து பேக்லைன் என்பார்கள். ரைடரில் இருக்கும் அதே மாடல் ஊரில் இல்லையென்றால், என்ன இருக்கிறது என்று படத்தோடு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். குழு 120 வோல்ட் நாட்டிலிருந்து வந்து நம் ஊரில் 230 வோல்ட் என்றால், வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்கள் வேண்டும். ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனி மின் இணைப்பு கொடுங்கள். ஒரே இணைப்பில் போட்டால் விளக்கு மங்கி ஏறும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு முனகல் கேட்கும். அப்புறம், டிரம்ஸுக்கு அடியில் விரிக்க ஒரு தடித்த கம்பளம். அது இல்லையென்றால் கால் மிதிக்கு மிதி பேஸ் டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். யாருமே வாங்க நினைக்காத பொருள் அதுதான்.

படி 10: கூட்டத்தின் உயிர்

இதில் சிக்கனம் கூடவே கூடாது. 2000ஆம் ஆண்டு டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது, மேடை முன் நெரிசலில் ஒன்பது பேர் இறந்தார்கள். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில், மேடைப் பட்டாசின் பொறி சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றி நூறு பேர் உயிரிழந்தார்கள். எனவே அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு டிக்கெட்கூட விற்காதீர்கள். மேடைக்கு முன் உறுதியான தடுப்பு, அதற்குப் பின்னால் ஆள்கள், பூட்டாத அவசர வழிகள், கை நீட்டினால் கிடைக்கும் தண்ணீர். அரங்கத்துக்குள் பட்டாசு வேண்டாம் என்று குழுவிடம் தயங்காமல் சொல்லுங்கள். நிகழ்ச்சியை உடனே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, அவர் மேடைக்கு எப்படிச் சைகை செய்வார் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஒலியின் அளவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த வரம்பு, 15 நிமிடச் சராசரி 100 டெசிபல். வாசலில் காதடைப்பான்களை இலவசமாகக் கொடுங்கள்.

படி 11: அந்த நாள்

குழு வந்து இறங்கும் நேரம், சவுண்ட் செக், கதவு திறப்பு, உள்ளூர்க் குழு, முக்கியக் குழு, மேடை காலி செய்வது எல்லாம் ஒரே தாளில் நேரம் போட்டு, எல்லோர் கையிலும் இருக்கட்டும். சுமை தூக்க வந்தவர்கள் நிகழ்ச்சி முடிந்த பிறகும் இருக்க வேண்டும். பலர் பாதியில் போய்விடுவார்கள் என்பதால் கூலியின் ஒரு பகுதியைக் கடைசியில் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையை, குழுவோடு கூடவே பயணிக்கும் டூர் மேனேஜரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். களைத்துப் போய் மேடையை விட்டு இறங்குபவரிடம் அதைக் கேட்கக் கூடாது.

இரவு கணக்கு முடிக்கும்போது விற்ற டிக்கெட் விவரம், ரசீதுகள், மீதித் தொகை மூன்றும் மேசையில் தயாராக இருக்கட்டும். அந்த வாரத்திலேயே ஏஜென்டுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை ஊர்களிலிருந்து வந்தார்கள், அரங்கின் படம் நான்கு. அதோடு அவர் கவனிக்கும் மற்ற குழுக்களில் நம் ஊர் எந்தெந்தக் குழுவுக்குக் காத்திருக்கிறது என்று ஒரு வரி.